ஊர்க்கடைக்கு வரலாறு உண்டா? – வில்லியனூர், பாகூர் மளிகைக் கடைகளின் சான்றுகளைத் தேடி

தமிழிலக்கியம் கற்போர்க்கு அங்காடி புதிதன்று. மாங்குடி மருதனார் மதுரைக்காஞ்சியில் நாளங்காடியையும் அல்லங்காடியையும் விரித்துரைக்கிறார். இளங்கோவடிகள் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே, சோலை மரங்களே கால்களாக நின்ற புகாரின் நாளங்காடியைக் காட்டுகிறார். இவற்றைப் பல்லாண்டுகள் வகுப்பறையில் நடத்தியவன் என்ற முறையில், கடைத்தெரு பற்றி எவர் எதைக் கேட்பினும் விடை கூறிவிடலாம் என்றொரு துணிவு எனக்கு இருந்தது. அத்துணிவைக் குலைத்தவர் வில்லியனூர்ப் பக்கத்திலிருந்து வந்து பயின்ற முதுகலை மாணவர் ஒருவர்.

“ஐயா, இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கடைத்தெருவில் என்னென்ன விற்றார்கள் என்று சொல்கிறீர்கள். எங்கள் ஊரில் என் பாட்டனார் காலத்தில் எத்தனை மளிகைக் கடைகள் இருந்தன, அரிசி என்ன விலை, யார் கடன் வாங்கினார்கள் என்று அறிய எந்த நூலைப் பார்க்க வேண்டும்?” என்று அவர் கேட்டார். அன்று நான் விடை கூறவில்லை. மணி அடித்தது எனக்கு உதவியாயிற்று. அவருக்குத் தர வேண்டிய விடையே இக்கட்டுரை.

ஊர்க்கடை தன்னைப் பற்றித் தானே எழுதி வைப்பதில்லை. அரசனுக்கு மெய்க்கீர்த்தி உண்டு. கோயிலுக்குக் கல்வெட்டு உண்டு. பெருவணிகர்க்கு ஒப்பந்தங்களும் கடிதங்களும் உண்டு. புளியும் மிளகாயும் மண்ணெண்ணெயும் விற்கும் தெருமுனைக் கடைக்கு அவை எவையும் இல்லை. ஆயினும் அக்கடையின் வாசலை மிதித்தவர் பலர். வரி தண்ட வந்தவர், எடைக்கல்லைச் சோதிக்க வந்தவர், கலப்படம் பார்க்க வந்தவர், வாடகை கேட்க வந்தவர், கணக்கெடுக்க வந்தவர், கடன் சொல்லிப் பொருள் வாங்க வந்தவர் எனப் பலரும் வந்து சென்றனர். வந்தவர் ஒவ்வொருவரும் எங்கோ ஓர் ஏட்டில் ஒரு வரி எழுதினர். ஆகவே கடையின் வரலாற்றைத் தேடுவோர், கடைக்கு யார் யார் வந்தார்கள் என்று முதலில் கேட்டுக்கொண்டு, அவர்களுடைய ஏடுகளைத் தேடிச் செல்லுதல் வேண்டும்.

கல்லும் நாட்குறிப்பும்

வரி தண்டுவோரே மிகப் பழையவர். சோழர் காலக் கல்வெட்டுகளில் வரும் வரிப்பெயர்களுள் ‘அங்காடிப் பாட்டம்’ என்பதும் ஒன்று. கடையின் மீது விதித்த வரி அது. கடையில் இன்னது விற்றது என்று கல்வெட்டு கூறாவிடினும், வரி விதிக்கும் அளவுக்குக் கடை இருந்தது என்பதை அச்சொல் உணர்த்திவிடுகிறது. பாகூர் மூலநாதர் கோயிலில் சோழர் காலக் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூரின் கல்லூரிக்கு ஊர்களைக் கொடையாக அளித்த பல்லவர் காலச் செப்பேடு வரலாற்று மாணவர் யாவரும் அறிந்ததே. பாகூர்க் குப்புசாமி தொகுக்க, கோ. விசயவேணுகோபால் பதிப்பித்த புதுச்சேரிக் கல்வெட்டுத் தொகுதியின் முதற்பகுதி 2006இல் வெளிவந்தது. தம் ஊர்க் கோயில் கல்வெட்டுகளை அதில் எடுத்து, அங்காடி, தரகு, செக்கு, எண்ணெய் முதலிய சொற்களைத் தேடுவது முதலாண்டு மாணவராலும் இயலும். ஆனால் ஒரு கருத்தை மறத்தலாகாது. கல்வெட்டு கோயிலின் கணக்கு. விளக்குக்கு எண்ணெய் தந்த வணிகன் அதில் இடம்பெறுவான். அதே தெருவில் ஏழைக்கு எண்ணெய் அளந்தவன் இடம்பெறான்.

பதினெட்டாம் நூற்றாண்டுக்கு வந்தால் புதுவைக்கு வாய்த்த பேறு ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு. 1736இல் தொடங்கி, 1761 சனவரியில் அவர் மறைவதற்குச் சில நாள்கள் முன்வரை எழுதப்பட்டது. துய்ப்ளேக்சின் துபாசியாக இருந்தவர் என்றே அவரைப் பலரும் அறிவர். அவர் வணிகராகவும் இருந்தார் என்பதே நமக்கு வேண்டுவது. சரக்கு, தட்டுப்பாடு, குத்தகை, சுங்கம் ஆகியவை அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது அவர் எழுதிக்கொண்டிருந்த காலத்திலேதான். அவருக்குப் பின் 1778 முதல் 1792 வரை எழுதப்பட்ட இரண்டாம் வீராநாயக்கர் நாட்குறிப்பும் தமிழில் உள்ளது, ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் அதைப் பதிப்பித்தார். இவ்விரண்டையும் அரசியல் வரலாற்றுக்காகப் படித்தோர் பலர். தானிய விலைக்காகவும் கடைத்தெருவுக்காகவும் வரிவரியாகப் படித்துக் குறிப்பெடுத்தல் தமிழ்த்துறை மாணவர்க்கு ஏற்ற பணி. அந்நடையும் சொற்களும் வரலாற்றுத்துறையாரைக் காட்டிலும் நம் மாணவர்க்கு எளிதிற் பிடிபடும்.

பிரெஞ்சு ஏடுகளில் நுழையுமுன்

பிரெஞ்சு ஆட்சிக் காலத்து ஆவணங்கள் ஒரே இடத்தில் இல்லை. ஒரு பகுதி பிரான்சு நாட்டின் எக்சு நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மற்றொரு பகுதி இந்தியத் தேசிய ஆவணக் காப்பகத்தின் புதுச்சேரிக் கிளையில் இருக்கிறது. அச்சிட்ட அரசிதழ்களையும் ஆண்டுமலர்களையும் 1827இல் தோன்றிய பொதுநூலகமான இன்றைய ரோமன் ரோலண்டு நூலகத்திலும், 1955இல் நிறுவப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்திலும் தேடுதல் வேண்டும்.

நுழையுமுன் மூன்று செய்திகளை மனத்திற் கொள்ளுதல் நலம். முதலாவது ஊர்ப்பெயர். வில்லியனூர் அவ்வேடுகளில் ‘வில்லெனூர்’ என்றே எழுதப்பட்டிருக்கும். நாம் ஒலிக்கும் வடிவில் தேடினால் அட்டவணையில் எதுவும் அகப்படாது. இரண்டாவது எல்லை. 1880 மார்ச் 12ஆம் நாள் ஆணையால் கொம்யூன்கள் அமைந்தபோது புதுவைப் பகுதியில் புதுச்சேரி, உழவர்கரை, வில்லியனூர், பாகூர் என நான்கே இருந்தன. 1907இல் அவை பிரிக்கப்பட்டுத் திருபுவனை, நெட்டப்பாக்கம், அரியாங்குப்பம், முதலியார்பேட்டை ஆகியனவும் தனிக் கொம்யூன்கள் ஆயின. இன்றைய வில்லியனூர்க் கொம்யூன் பஞ்சாயத்து 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்தது. எனவே 1890ஆம் ஆண்டு ‘பாகூர்’ என்ற தலைப்பில் காணும் எண்ணையும் 1990ஆம் ஆண்டு ‘பாகூர்’ என்ற தலைப்பில் காணும் எண்ணையும் அருகருகே வைத்து, கடைகள் பெருகின அல்லது குறைந்தன என்று கூறுவது பெரும்பிழை. பெயர் ஒன்று, நிலப்பரப்பு வேறு.

மூன்றாவது தொழிற்பெயர். கடைக்காரரைப் ‘புத்திக்கியே’ என்றும், வணிகரை ‘மர்ஷான்’ என்றும், மளிகைக்காரரை ‘எப்பிசியே’ என்றும் பிரெஞ்சு மொழி வழங்கும். பிரான்சில் 1791 முதல் தொழிலுக்கும் கடைக்கும் விதித்த உரிம வரியின் பெயர் ‘பாத்தாந்து’. அரசிதழ்களின் பொருளடக்கத்தில் முதலில் தேட வேண்டிய சொற்கள் இவையே. இசுலாமிய வணிகரைப் பழைய ஐரோப்பிய ஆவணங்கள் ‘சூலியா’ என்று குறிக்கும். ஆங்கிலேயர் ஏடுகளில் ‘லப்பை’ என வரும். சாதிப் பெயரையோ குழுப்பெயரையோ கண்டவுடன் தொழில் இதுவே என்று முடிவு செய்தல் கூடாது. செட்டி என்று எழுதப்பட்டவர் உழவராகவும் இருந்திருக்கலாம். உழவர் என்று எழுதப்பட்டவர் வீட்டுத் திண்ணையில் உப்பு விற்றிருக்கலாம்.

பலரும் எண்ணிப் பாராத ஒரு சான்று குடிமைப் பதிவு. பிரெஞ்சு உரிமையியல் சட்ட முறைப்படி எழுதப்படும் பிறப்பு, திருமண, இறப்புப் பத்திரங்களில் அதில் வரும் ஆள்களின் வயது, இருப்பிடம் ஆகியவற்றோடு தொழிலும் எழுதப்படும். சாட்சியாக நிற்போர்க்கும் அவ்வாறே. கையெழுத்திட அறிந்தவர் என்பதால் கடைக்காரரைச் சாட்சிக்கு அழைப்பது இயல்பு. ஒரு சிற்றூரின் ஐம்பது ஆண்டுப் பத்திரங்களை ஒருவர் பொறுமையோடு படித்தால், அவ்வூரில் எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை கடைக்காரர் என்று எழுதப்பட்டவர் இருந்தார், அவர் மகன் என்ன தொழில் செய்தார் என்பன தெளிவாகும். இப்பதிவேடு இரு படிகளாக எழுதப்படுவது. ஒரு படி அழிந்த இடத்தில் மறுபடி கிடைத்தல் கூடும். நொத்தாரிடம் பதிவான சொத்துப் பட்டியல்களும் இத்தகையன. கடைக்காரர் ஒருவர் இறந்தபின் பாகம் பிரிக்க எழுதிய பட்டியலில் தராசு முதல் எண்ணெய்க் குடம் வரை இடம்பெற வாய்ப்புண்டு.

இவ்விடத்தில் புதுவைக்கே உரிய ஒரு சிக்கலைக் கூற வேண்டும். பிரெஞ்சுப் பகுதி ஒரே நிலப்பரப்பாக இருக்கவில்லை. பிரெஞ்சு ஊர், அடுத்து ஆங்கிலேயரின் தென்னார்க்காட்டு ஊர், மீண்டும் பிரெஞ்சு ஊர் என்று பின்னிக் கிடந்தது. வாய்க்காலுக்கு இப்பால் ஒரு சட்டம், அப்பால் ஒரு சட்டம். பாகூர்ச் சிற்றூர்க் கடைக்குச் சரக்கு கடலூரிலிருந்து வந்திருப்பின் அதன் தடயம் ஆங்கிலேயர் ஏட்டில் இருக்கும். ஆகவே கார்சுடின் எழுதிய தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டையும் (1878), பிரான்சிசு எழுதிய மாவட்ட விவரச் சுவடியையும் (1906) புதுவை மாணவர் புறக்கணித்தலாகாது. சுவடியில் தொழிலும் வணிகமும் பற்றித் தனி இயல் உண்டு. 1941இல் பிரெஞ்சிந்தியாவுக்கும் பிரித்தானிய இந்தியாவுக்கும் இடையே சுங்க ஒன்றிணைப்பு உடன்பாடு ஏற்பட்டது. அது 1949 மார்ச்சு இறுதியில் முடிந்தது. அதன்பின் எல்லைகளிற் சுங்கச் சாவடிகள் எழுந்தன. உறவினர் வீட்டுக்குப் படி அரிசி கொண்டு செல்வதும் வினாவுக்குரியதாயிற்று. 1954 அக்டோபர் 18ஆம் நாள் வில்லியனூரை அடுத்த கீழூரில் 178 மக்கள் பேராளர் கூடி, 170 பேர் இந்தியாவுடன் இணைய வாக்களித்ததை நாம் விடுதலை வரலாறாகப் படிக்கிறோம். அதற்கு முந்தைய ஐந்தாண்டுகளில் ஊர்க்கடையில் சர்க்கரையும் மண்ணெண்ணெயும் எப்படிக் கிடைத்தன என்பதும் அவ்வரலாற்றின் ஒரு பகுதியே. எண்பதைக் கடந்த பெரியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் கேட்க வேண்டிய முதல் வினா இது.

எண்ணில் ஏமாறுதல்

1954 நவம்பர் முதல் நாள் ஆட்சி கைமாறியது. 1962 ஆகத்து 16இல் சட்டப்படி இணைப்பு நிறைவுற்றது. அதன்பின் கடைவாசலுக்கு வந்த அதிகாரிகள் பலர். கடைகள், நிறுவனங்கள் பற்றிய புதுச்சேரிச் சட்டம் 1964இல் வந்தது. அதன்படி தொழிலாளர் துறையிற் பதிவேடு உண்டு. விற்பனை வரிக்கு 1965இல் இயற்றிய சட்டத்தை, அண்டை மாநிலச் சட்டத்தை அப்படியே ஏற்றுக்கொண்ட குறையால் உச்ச நீதிமன்றம் 1967இல் செல்லாதென்றது. சட்ட மாணவர் இன்றும் படிக்கும் வழக்கு அது. உணவுக் கலப்படத் தடைச் சட்டம் 1954ஆம் ஆண்டினது. அதன் இடத்திற்கு 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2017 சூலை முதல் சரக்கு சேவை வரிப் பதிவும் சேர்ந்துகொண்டது. வரிப் பதிவுகள் யாவற்றிலும் ஒரு பொதுக்குறை உண்டு. விற்பனை ஒரு வரம்பைத் தாண்டிய கடைகளையே அவை அறியும். கைம்பெண் ஒருவர் கூடத்துச் சன்னலில் நடத்தும் கடையை அவை அறியா.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அக்குறையைத் தீர்க்கும் என்று நான் நம்பினேன். நம்பி ஏமாந்த கதையைச் சொல்லுதல் மாணவர்க்குப் பயன்படும். புதுவைச் சிற்றூர்கள் இந்தியக் கணக்கெடுப்பில் முதன்முதல் இடம்பெற்றது 1961இல். அவ்வாண்டு அறிக்கையில் உழைப்போர் ஒன்பது வகையாகப் பிரிக்கப்பட்டு, ஏழாம் வகை ‘வணிகம்’ என்று ஊர்வாரியாக எண் தரப்பட்டிருக்கிறது. ஓர் ஊருக்கான எண்ணை எடுத்து, ‘இவ்வூரில் இத்தனை கடைகள்’ என்று ஒரு கூட்டத்தில் பேசிவிட்டேன். முன்வரிசையிலிருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, “தம்பி, அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் கடை மூன்றுதான். நீங்கள் சொல்லும் கணக்கில் மாட்டுத் தரகரும், தலைச்சுமையாகத் துணி விற்றவரும், மீன் கூடைக்காரியும் சேர்ந்திருப்பார்கள்” என்றார். அவர் கூற்றே சரி. கணக்கெடுப்பு ஆள்களை எண்ணியது. நான் கடைகளாகப் படித்துவிட்டேன்.

அதனினும் நுட்பமான ஒரு பள்ளம் உண்டு. 1961, 1971, 1991 ஆகிய ஆண்டுகளின் ஊர்வாரிப் பட்டியலில் வணிகம் தனி வகை. 1981, 2001, 2011 ஆகியவற்றின் ஊர்வாரிச் சுருக்கத்தில் உழவர், உழவுத் தொழிலாளர், வீட்டுத் தொழிலர், பிறர் என நான்கே வகைகள். கடைக்காரர் ‘பிறர்’ என்னும் கடலில் மூழ்கிவிடுகிறார். ஆகவே அறுபதாண்டு வரைபடம் ஒன்று போட எண்ணும் மாணவர்க்கு இடையிடையே புள்ளிகள் இரா. இல்லாத புள்ளியைக் கோடு இழுத்து நிரப்பாதிருத்தலே ஆய்வு நேர்மை.

கடைகளையே எண்ணியது பொருளாதாரக் கணக்கெடுப்பு. 1977இல் முதன்முதல் நடந்தது. அதில் கூலியாள் ஒருவரேனும் உள்ள நிறுவனங்களே சேர்க்கப்பட்டன. கணவனும் மனைவியும் மாறி மாறி அமர்ந்து நடத்தும் கடையே ஊர்க்கடைகளில் பெரும்பான்மை என்பதை அறிந்தோர்க்கு, அவ்வெண் எத்துணைக் குறைவானது என்று சொல்ல வேண்டியதில்லை. 1980, 1990, 1998, 2005, 2013 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் அத்தகைய கடைகளும் இடம்பெற்றன. 1977ஐயும் 1980ஐயும் ஒப்பிட்டு, மூன்றே ஆண்டில் கடைகள் பன்மடங்காயின என்று யாரேனும் எழுதினால் நகைப்புக்கிடமாகும்.

நியாயவிலைக் கடைகளின் கதை வேறு. ஒவ்வொரு கடைக்கும் இருப்புப் பதிவேடு, குடும்ப அட்டைப் பட்டியல், வழங்கிய அளவு எனக் குறையாத எழுத்து உண்டு. 2015 செப்டம்பர் முதல் புதுச்சேரியில் அரிசிக்கு மாற்றாகப் பணம் வங்கிக் கணக்கிற் செலுத்தும் முறை வந்தது. கடைகள் பூட்டிக் கிடந்தன. 2024 அக்டோபரில் மீண்டும் அரிசி வழங்கத் தொடங்கினர். இடைப்பட்ட ஆண்டுகளில் பணத்தைப் பெற்றவர் எந்தக் கடையில், என்ன விலைக்கு அரிசி வாங்கினார் என்பதை நியாயவிலைக் கடை ஏடு கூறாது. தனியார் மளிகைக் கடையின் ஏடே கூறும். பூட்டிய கடைகளின் பழைய பதிவேடுகள் எங்குள்ளன என்று மாணவர்கள் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் (2005) கேட்கலாம். ஒன்றியப் பகுதி நிருவாகங்களின் ஏடுகளும் 1993ஆம் ஆண்டுப் பொது ஆவணச் சட்டத்திற்கு உட்பட்டவை. உரிய முறையின்றி அவற்றை அழிக்க எவர்க்கும் உரிமை இல்லை.

எழுத்தில்லாச் சான்று ஒன்றையும் ஈண்டுக் குறிப்பிடுவேன். பழைய இரும்பு எடைக்கல்லைத் திருப்பிப் பாருங்கள். துளையில் உருக்கி ஊற்றிய ஈயத்தின் மேல் ஆய்வாளர் அடித்த முத்திரை இருக்கும்; ஆண்டுக் குறியும் இருக்கும். 1956ஆம் ஆண்டுச் சட்டம் மெட்ரிக் அளவைக் கொணர்ந்தபின் கடைக்காரர் யாவரும் கல்லை மாற்ற வேண்டியதாயிற்று. கடை மூடி நெடுநாளான வீட்டின் பரணில் கிடக்கும் எடைக்கற்கள், அக்கடை எந்த ஆண்டுவரை முறையாக நடந்தது என்பதற்குச் சான்று பகரும்.

உப்புப் பெட்டியின் அடியில்

இதுவரை கூறியவை யாவும் வெளியே நின்று கடையைப் பார்த்தவர் எழுத்து. உள்ளிருந்து எழுதப்பட்டது ஒன்றே. அது கடைக்காரரின் பற்றுக் கணக்கு நோட்டு.

சில ஆண்டுகளுக்கு முன் அம்மாணவரும் நானும் பாகூர்க் கொம்யூனைச் சேர்ந்த சிற்றூர் ஒன்றில், மூடப்பட்ட கடையொன்றின் வீட்டிற்குச் சென்றோம். மூன்று தலைமுறை நடந்த கடை. பழைய கணக்குகள் உண்டா என்று கேட்டபோது, “போன பொங்கலுக்குத்தான் எல்லாவற்றையும் எடைக்குப் போட்டோம். இரண்டு மூட்டை இருந்தது” என்றார் வீட்டு அம்மையார். எங்கள் முகவாட்டத்தைக் கண்டோ என்னவோ, பின்கட்டில் உப்புப் பெட்டி ஆடாமலிருக்க அடியில் வைத்த நோட்டு ஒன்றை உருவிக் கொடுத்தார். நெடுக்காக மடித்துத் தைத்த நோட்டு, எழுபதுகளின் கணக்கு. உப்பு நீர் ஊறி ஓரங்கள் பழுத்திருந்தன.

அதைப் படிக்கத் தமிழ் எம்.ஏ. படிப்பு போதவில்லை. நாளுக்கு ௳, மாதத்துக்கு ௴, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, மேற்படிக்கு ௸, ரூபாய்க்கு ௹ என்னும் குறிகள் பக்கந்தோறும் இருந்தன. நம் பாடநூல்கள் இவற்றைக் கற்பிப்பதில்லை. ஆழாக்கு, உழக்கு, படி, பலம், வீசை என்பன கிலோவோடும் லிட்டரோடும் கலந்து வந்தன. எடைக்கல் மாறிப் பதினைந்து ஆண்டு கழிந்த பின்னும் கடைக்காரர் கை பழைய அளவையே எழுதியிருக்கிறது. நாற்பது பலம் ஒரு வீசை, எட்டு வீசை ஒரு மணங்கு என்பது சென்னை மாகாண வழக்கு. மரக்காலோ ஊருக்கு ஊர் வேறுபடும். ஓர் ஊரின் கணக்கை மற்றோர் ஊரின் வாய்பாட்டால் பெயர்த்தால் விலை தவறாகும்.

ஆள்களின் பெயர் அருகியே காணப்பட்டது. மேட்டுத்தெரு, கிணற்றடி வீடு, பெரியவர் மருமகள் என்றே தலைப்புகள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். கணக்கு தீர்ந்தவுடன் குறுக்கே ஒரு கோடு. அக்கோடுகள் விழுந்த நாள்களை மாணவர் தனியே எழுதிப் பார்த்தார். நிலமுடையோர் வீட்டுக் கோடுகள் அறுவடையை ஒட்டித் தை, மாசியில் குவிந்தன. புதுவை ஆலைகளுக்குச் சென்றுவந்த குடும்பங்கள் சிலவற்றின் கோடுகள் சம்பள நாளை ஒட்டி மாதந்தோறும் விழுந்தன. கூலிக்குச் சென்றோர் பக்கங்களில் கோடே இல்லை. சிறு சிறு வரவுகள், உடனே மீண்டும் பற்று. ஏரிப் பாசனமும் நூலாலையும் அன்றாடக் கூலியும் ஓர் ஊரின் அடுப்புக்குள் எவ்வாறு புகுந்தன என்பதை இத்துணைத் துலக்கமாகக் காட்டும் அரசுப் பட்டியலை நான் கண்டதில்லை.

சில பக்கங்களின் ஓரத்தில் ‘குடம் 1’ என்றிருந்தது. கடையில் குடமும் விற்றார்கள் என்று மாணவர் குறித்துக்கொண்டார். அவ்வூர்ப் பெரியவரிடம் காட்டியபோது அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “அது விற்றதில்லை தம்பி. அடகு வைத்தது” என்றார். எழுத்தை மட்டும் நம்பியிருந்தால் அப்பித்தளைக் குடம் வணிகப் பொருளாக எங்கள் அட்டவணையில் ஏறியிருக்கும்.

கடைக்காரர்கள் இத்தகைய நோட்டுகளைக் காட்டத் தயங்குவதன் காரணமும் அவருடைய அந்த மௌனத்தில் விளங்கிற்று. அதில் ஓர் ஊரின் மானம் எழுதப்பட்டிருக்கிறது. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) கடனை எழுதி வைப்பது பற்றியது என்பதை நம் பெரியோர் அறிவர். எழுதுபவர் மேல் பொறுப்பு இருப்பது போலவே, பிற்காலத்தில் படிப்பவர் மேலும் பொறுப்பு உண்டு என்பது என் கருத்து. எனவே வீட்டுக் குறிப்புகளை எண்களாக மாற்றிப் படியெடுத்தல், மூலத்தை உரியவரிடமே ஒப்படைத்தல், அச்சில் எந்தக் குடும்பமும் அடையாளம் தெரியாதவாறு எழுதுதல் என்ற ஒழுங்கை நாங்கள் வகுத்துக்கொண்டோம். இவ்வுறுதியைக் கூறிய பின்னரே வேறு இரு வீடுகளில் நோட்டுகள் வெளிவந்தன.

அண்டையிலும் அயலிலும்

நம் ஊருக்குச் சான்று குறைவெனில் அண்டை ஊரின் சான்று ஒப்பீட்டுக்கு உதவும். சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் சுலேட்டர் 1916இல் மாணவர்களைக் கொண்டு சிற்றூர்களை ஆராய்ந்து 1918இல் நூலாக்கினார். அவற்றுள் ஒன்று தென்னார்க்காட்டு இருவேல்பட்டு. அதே ஊரை 1930களில் தாமசும் இராமகிருட்டிணனும், பின்னர் மார்கரெட் ஆசுவெல்லும், 1980களின் தொடக்கத்தில் குகனும் சோன் மென்சரும், 2008இல் சான் ஆரிசு குழுவினரும் மீண்டும் ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஊர் வில்லியனூரிலிருந்து தொலைவில் இல்லை. ஆரணிக் கடைத்தெருவைப் பார்பரா ஆரிசு 1970களிலிருந்து திரும்பத் திரும்பச் சென்று ஆராய்ந்ததும் இவ்வகையதே. இவற்றைத் தொடங்கி வைத்தது மாணவர்களின் கள ஆய்வு என்பதை நம் மாணவர் கருத வேண்டும்.

சிங்கப்பூரில் தமிழ் முசுலிம்கள் நடத்திய சிறு கடைகளை மக்கள் ‘மாமாக் கடை’ என்றே அழைத்தனர். அந்நாட்டு அரசு 1979இல் வாய்மொழி வரலாற்றுக்கெனத் தனிப் பிரிவு அமைத்துப் பலதுறை முதியோரின் குரலைப் பதிவு செய்தது. காரைக்காலிலிருந்தும் புதுவையிலிருந்தும் கடல் கடந்து சென்றோரின் உறவினர் நம் ஊர்களில் உள்ளனர். அவர்களுடைய கடிதங்களும் கடைப் படங்களும் பெட்டிகளில் இருக்கலாம்.

ஊரளவில் இன்னும் இரண்டு இடங்களைக் கூறி அமைகிறேன். பள்ளிவாசல்களுக்கும் கோயில்களுக்கும் சொந்தமான கடைகள் உண்டு. அவற்றின் வாடகைக் கணக்கில் கடைக்காரர் பெயர், தொழில், வாடகை உயர்வு, நிலுவை யாவும் ஆண்டுவாரியாக இருக்கும். சுல்தான்பேட்டை போன்ற ஊர்களின் சமாஅத்துப் பெரியோர் மனம் வைத்தால் மாணவர்க்கு அரசு அலுவலகத்தை விட விரைவில் விடை கிடைக்கும். மற்றொன்று மலர். குடமுழுக்கு மலர், சந்தனக்கூடு மலர், பள்ளி ஆண்டுவிழா மலர், ஏன், இத்துறை வெளியிடும் மலர் ஆகியவற்றின் பின்பக்கங்களில் ‘நல்வாழ்த்துகளுடன்’ என்று வரும் மளிகைக் கடை விளம்பரங்களை எவரும் படிப்பதில்லை. கடைப்பெயர், தெரு, உரிமையாளர், பின்னாளில் தொலைபேசி எண் என்று அனைத்தும் அவற்றில் உண்டு. கட்டுரைகளை வைத்துக்கொண்டு விளம்பரப் பக்கங்களைக் கிழித்துவிட்டுக் கட்டடம் செய்யும் நூலக வழக்கம் நம்மிடையே உண்டு. நூலகர்கள் பொறுத்தருள்க.

அம்மாணவர் இப்போது வில்லியனூர்ப் பகுதி மலர்களின் விளம்பரங்களை ஆண்டு வரிசையில் அடுக்கி வருகிறார். உப்புப் பெட்டியின் நோட்டில் இன்னும் இருபத்தாறு பக்கங்கள் படியெடுக்க வேண்டியுள்ளன. ஓரங்கள் பொடியாக உதிர்வதால், வெயில் தணிந்த மாலை நேரத்தில் மட்டும் அதைத் திறக்கிறோம்.